இரண்டு தேர்தலிலும் தோற்ற வக்கீல்

ஹைரம் வக்கீலுக்கு அன்று வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அமெரிக்காவில் அடிமைமுறை இருந்த காலம் அது. ஒஹாயோ மாநிலத்துக் கோர்ட்டுகளில் அவர் எழுந்து நின்றாலே எதிர்த்தரப்பு வக்கீல் பாதி தோற்ற மாதிரிதான். அப்பேர்ப்பட்டவர் சட்டசபைத் தேர்தலில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தார். மூன்றாவது முறையும் தோற்றால் கட்சி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

நேரே நீதிபதி எல்கானாவின் வீட்டுக்குப் போனார். அவரிடம் சீடனாக இருந்துதான் ஹைரம் சட்டம் படித்தது. எல்கானா ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, எனக்கு வெறுத்தே போச்சு! மேடையில என்னை எதிர்த்துப் பேச ஒரு பய கிடையாது. கை தட்டறாங்க, தொப்பியைத் தூக்கிப் போடறாங்க. ஓட்டை மட்டும் அந்த மளிகைக்கடைக்காரனுக்குப் போட்டுட்டுப் போறாங்க. அவனுக்கு நாலு வார்த்தை கோர்வையாப் பேச வராது. இந்த ஜனங்களுக்கு என்னதான் வேணுமாம்?"

"சரி, ஒரு வழக்கு சொல்றேன். ஆத்துக்கு அந்தப் பக்கம், அடிமைமுறை இருக்கிற மாநிலத்துலேருந்து ஒரு அடிமை தப்பி இங்கே வந்துட்டான். எஜமான் முந்திக்கிட்டு உன் கோட்டு நுனியைப் பிடிச்சுட்டார். பேசு."

ஊர் ஊராகக் குதிரையில் போய் வாதாடுகிற வக்கீல்கள் அவர்கள். போய் இறங்கியதும் முதலில் யார் வந்து அவர்கள் போட்டிருக்கும் கோட்டைப் பிடித்து இழுக்கிறாரோ, அவர் பக்கம் பேசுவதுதான் வழக்கம்.

ஹைரம் பேசினார். சட்டம், சொத்து, ஒப்பந்தம் என்று அடுக்கினார். வாதத்தில் ஊசி நுழைய இடமில்லை.

"பலே. இப்ப அந்த அடிமை உன் கோட்டைப் பிடிச்சிருக்கான்."

ஹைரம் அதற்கும் பேசினார். பேசப் பேச அவர் கண்ணே கலங்கிவிட்டது.

"பிரமாதம். இப்ப கோர்ட்டும் இல்லை, கோட்டைப் பிடிக்க ஆளும் இல்லை. பின்னாடி நாய்ங்க துரத்திக்கிட்டு வருது. அவன் உன் வீட்டுக் கதவைத் தட்டறான். திறப்பியா?"

ஹைரமுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்ன ஐயா இது, மொட்டையாக் கேட்டா எப்படி? நான் யார் பக்கம்னு முதல்ல சொல்லுங்க. சொன்னா இப்பவே பேசறேன்!"

எல்கானா கத்தியைக் கீழே வைத்தார்.

"நீ யார் பக்கம்னு என்னைக் கேட்டா எப்படி? ரெண்டு தேர்தலா ஜனங்க உன்னைக் கேட்டதே அதைத்தானேப்பா."