மீன்களுக்குச் சொன்ன புத்தி

முன்னொரு காலத்தில், ஏரி மீனுக்குக்கூட ராஜபக்தி உண்டு என்று அரண்மனையில் நம்பிக்கொண்டிருந்த நாளில், மகுடவர்மன் என்று ஒரு ராஜா இருந்தான். நல்லவன்தான். யாராவது புகழ ஆரம்பித்தால் மட்டும் கண் தெரியாது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மழை நின்று பெரிய ஏரி நிறைந்ததும், முதல் மீனை ராஜா தன் கையால் தூண்டில் போட்டுப் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மீனவர்கள் வலை இறக்கலாம். இவனுடைய தகப்பனார் விடிகாலையில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு போய், மீனைப் பிடித்துக் கரையில் போட்டுவிட்டு, பழைய சோற்று நேரத்துக்குத் திரும்பிவிடுவாராம். மகுடவர்மனோ பட்டத்துக்குப் புதியவன். உச்சி வெயிலில் புறப்படுவான். முன்னே முரசு, பின்னே எக்காளம், தலைக்கு மேல் குடை, தூண்டில் முள்ளில் நெய் சொட்டும் அதிரசம். தக்கை லேசாக ஆடினாலே கட்டியக்காரன் வாழ்த்துக் கூறுவான். மீன் எப்படி வரும்? மாதம் ஒன்று போயும் ஓர் அயிரைகூட அகப்படவில்லை.

ஏரிக்கரைக் குப்பத்தில் அடுப்பு அணைந்தது. அரசவை விதூஷகன் வைரவனின் மனைவி செம்பாயி அந்தக் குப்பத்துப் பெண். அவளுடைய அண்ணன்மார் மூவரும் குடும்பத்தோடு வைரவன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவர்கள் மேல் என்ன தப்பு, ஏரி மூடிக் கிடக்கிறதே. வைரவன் வீட்டு அரிசிப் பானையில் அடி தெரிந்தது.

“ஒங்க ராசா ஒரு மீனைப் பிடிக்கிற வரைக்கும் எங்கண்ணன்மாரு இங்கனதான் இருப்பாங்க. எதையாச்சும் செய்யுங்க” என்றாள் செம்பாயி. அவர்களாவது இங்கே ஒரு வாய் கஞ்சி குடித்தார்கள். குப்பத்தில் மீதிப் பிள்ளைகள் பசியில் அழுதார்கள். ஊரையே சிரிக்க வைக்கிற வைரவனுக்கு அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் சபையில், தனக்கு ஏன் மீன் அகப்படவில்லை என்று ராஜா கேட்டான். பிரதானி கனகசபையார் எழுந்து, மன்னரின் தூண்டிலைத் தொட மீன்களுக்குக் கூச்சமாக இருக்கிறது என்று விளக்கம் சொன்னார். வைரவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அவனைக் கண்டாலே பிரதானிக்கு வேப்பங்காய். விடுவாரா?

“மகாராஜா, வைரவனுக்கு வழி தெரியும் போலிருக்கிறது. நாளைச் சூரியன் மறைவதற்குள் தங்கள் தூண்டிலில் மீன் விழச் செய்யட்டும். இல்லையேல் நாட்டைவிட்டுப் போகட்டும். ஆனால் மன்னருக்குப் பாடம் சொல்வது ராஜத் துரோகம். மீன் பிடிப்பதைப் பற்றித் தங்களிடம் அவன் ஒரு வார்த்தை பேசக் கூடாது. தூண்டிலைத் தொடவும் கூடாது.”

எரிச்சலில் இருந்த ராஜா, அப்படியே ஆகட்டும் என்றான். மீன்களோடு பேசத் தடை உண்டா என்று வைரவன் பணிவாகக் கேட்டான். சபையே சிரித்தது. தாராளமாகப் பேசிக்கொள் என்றார் பிரதானி.

மறுநாள் உச்சிப் பொழுதில் ராஜா பரிவாரத்தோடு கரையில் உட்கார்ந்தான். எதிர்க்கரையில் மீனவர்கள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். வைரவன் தண்ணீரோரம் குந்தி, முரசுக்கு மேலே குரலை உயர்த்தினான்.

“கண்ணுங்களா, கேட்டுக்குங்க. முரசு சத்தம் கேக்குற வரைக்கும் ஒங்களுக்கு ஆபத்து இல்ல. அடியில போயிப் படுத்துக்கலாம். சத்தம் அடங்குச்சுன்னாத்தான் பயப்படணும்.”

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கிறான் என்று பிரதானி கேலி செய்தார். ராஜா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கிறது என்று சொல்லி, முரசையும் எக்காளத்தையும் ஊருக்கு அனுப்பிவிட்டான்.

“குடை நெழல் தண்ணியில விழுந்தா விலகிக்குங்க. எவனாச்சும் நெழல் தன் முதுகுக்குப் பின்னால விழுற மாதிரி ஒக்காந்தான்னா, அவன் பொல்லாதவன்.”

ராஜாவுக்குத் திடீரென்று குடை பிடிக்காமல் போய்விட்டது. எழுந்து கிழக்குக் கரைக்குப் போய், இறங்குகிற வெயிலைப் பார்த்து உட்கார்ந்தான். அதிரசத்தில் நெய் மிதக்கும், அதை வைத்தே தப்பிவிடலாம், மண்புழு வந்தால்தான் நாக்கு அடங்காது என்று வைரவன் மீன்களை எச்சரித்தான். உடனே ராஜா, ஈர மண் வாசனை நன்றாயிருக்கிறது, கொஞ்சம் தோண்டிக் காட்டுங்கள் என்று பிரதானியைக் கேட்டுக்கொண்டான். பட்டு வேட்டியோடு அவர் சேற்றில் மண்புழு பொறுக்கிய அழகைப் பார்க்க நாம் கொடுத்துவைக்கவில்லை.

“கடலுக்குப் போற ஒறவுக்காரங்களுக்கும் சொல்லி விடுங்க. கடல்காக்கா கூட்டமா விழுந்து கொத்துற எடத்துல கூடாதீங்க. வலைக்காரன் அதைப் பாத்துத்தான் படகைத் திருப்புவான். தண்ணி ஏறுற நேரம் பாறையோரம் மேயாதீங்க, தூண்டில்காரன் அங்கதான் காத்திருப்பான்.”

அடுத்த மாதம் கடற்கரைப் பக்கம் ஏதாவது ராஜகாரியம் உண்டா என்று ராஜா பக்கத்தில் நின்றவனிடம் மெல்ல விசாரித்தான்.

வெயில் சாய்ந்தது. தக்கை ஆடியது. ராஜா வெடுக்கென்று இழுத்தான். வெறும் முள்தான் வந்தது. சூரியன் பனைமரங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த நாட்டை விட்டால் வைரவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. மறுபடியும் தண்ணீர்ப் பக்கம் குனிந்தான்.

“பாத்தீங்களா, தக்கை ஆடுனதுமே இழுக்குற மனுசன் நமக்குத் தெய்வம். கொறிச்சிட்டுப் போயிரலாம். அது முழுசா முங்குற வரைக்கும் கை அசைக்காம இருக்கான் பாருங்க, அவன்தான் எமன்.”

மறுபடியும் தக்கை ஆடியது. ராஜா மூச்சைப் பிடித்துக்கொண்டான். தக்கை சாய்ந்தது. பிறகு முங்கியது. அப்போதுதான் இழுத்தான். முழங்கை நீள விரால் ஒன்று கரையில் விழுந்து துள்ளியது. எதிர்க்கரையில் அத்தனை வலைகளும் ஏரியில் இறங்கின.

பிரதானி சேற்றுக் கையோடு ஓடி வந்து, வைரவன் கட்டளையை மீறிவிட்டான், பேசியதெல்லாம் மன்னருக்குச் சொன்ன பாடம்தான் என்றார். ராஜா வைரவனைப் பார்த்தான்.

“மகாராஜா, நான் மீன்களுக்குத்தான் புத்தி சொன்னேன். கேட்ட மீன்கள் பிழைத்தன. கேட்காத மீன் இதோ கிடக்கிறது. தங்களுக்குப் பாடம் தேவைப்பட்டது என்று பிரதானி சொல்கிறார். அப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.”

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு, இனிமேல் எதுவானாலும் தன்னிடம் நேரிலேயே சொல்லலாம் என்று வைரவனுக்கு உத்தரவு கொடுத்தான்.

வைரவன் கும்பிட்டான். “வேண்டாம் மகாராஜா. மீன்களிடம் சொன்னால் தாங்கள் கேட்கிறீர்கள். தங்களிடமே சொன்னால் யார் கேட்பது?”

ராஜா கண்ணில் நீர் வரும் வரை சிரித்தான். கழுத்தில் கிடந்த முத்து மாலையைக் கழற்றி வைரவனுக்குப் போட்டான். பிறகு, ஏரிக்கு இன்னும் என்னென்ன சொல்ல வேண்டுமோ சொல், நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நகர்ந்து இடம் கொடுத்தான்.