ஆள் இல்லாத நாளின் கணக்கு

முன்பு ஒரு காலத்தில், எள்ளுக்குப் பேர்போன ஒரு நாட்டை, எதையும் அளந்து பார்க்காவிட்டால் சோறு இறங்காத அரசர் ஒருவர் ஆண்டு வந்தார். யானையின் பசியை அளந்தார். ராணியின் கோபம் எத்தனை நாழிகை நீடிக்கிறது என்று அளக்கப்போய், இன்னும் நாலு நாழிகைக் கோபத்தை வாங்கிக்கட்டிக்கொண்டார்.

அவர் அவையில் விகடனாக இருந்தவன் குப்பாண்டி. எல்லோரையும் சிரிக்க வைத்தான். அவன் மனசு மட்டும் ஏழு நாள் நடைக்கு அப்பால், கருவேலங்குளத்தில் கிடந்தது. அங்கே அவன் மனைவி காத்தாயி, கண் தெரியாத தன் தாயை விட்டு வர முடியாமல் இருந்தாள். அவளைப் பார்த்து மூன்று வருஷம் ஆயிற்று. அவன் விடுப்பு கேட்கும்போதெல்லாம் அரசர் அதையும் விகடம் என்று நினைத்துச் சிரித்துவிடுவார். பாவம், சிரிக்க வைக்கிறவன் அழுதாலும் நம்ப ஆளில்லை.

ஒருநாள் அரசருக்குப் புதிய கிறுக்குப் பிடித்தது.

"நமக்கு ஐந்து எண்ணெய்ச் செக்காலைகள், ஐந்துக்கும் ஐந்து மேலாளர்கள். இவர்களில் திறமைசாலி யார்? அளந்து சொல்லுங்கள்."

தனாதிகாரி பூவராகன் எழுந்தார். குப்பாண்டியைக் கண்டாலே வயிறு எரிகிற மனிதர். "இதில் அளக்க என்ன இருக்கிறது, பிரபு? ஆற்றங்கரைச் செக்காலைதான் மூட்டைக்கு இருபது படி எண்ணெய் தருகிறது. அதன் மேலாளரே கெட்டிக்காரர்" என்றார். அந்த மேலாளர் தம் மைத்துனர் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அது அந்த எள்ளின் கொழுப்பு, பிரபு. அங்கே என்னை உட்காரவைத்தாலும் இருபது படி வரும்" என்று குப்பாண்டி வாயை விட்டான்.

பூவராகன் காத்திருந்தது அதற்குத்தான். "அப்படியானால் விகடரே அளக்கட்டும். கணக்கேடுகளை மட்டும் பார்க்கலாம். செக்காலைப் பக்கம் போகக் கூடாது. யாரையும் விசாரிக்கவும் கூடாது."

"நல்லது. வென்றால் கேட்டது கிடைக்கும், குப்பாண்டி. தோற்றால் இனி ஊர் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார் அரசர்.

குப்பாண்டி கும்பிட்டுவிட்டு ஏட்டறைக்கு நடந்தான்.

அங்கே ஐந்து வருஷத்துக் கணக்கு மலைபோலக் குவிந்திருந்தது. எண்ணெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. அவன் கண்ணில் பட்டதெல்லாம் வேறு வரிகள். 'மேலாளர் இல்லை: தங்கை கல்யாணம்.' 'மேலாளர் இல்லை: ஊர்த் திருவிழா.' கொடுத்துவைத்தவர்கள்! மலையடிவாரச் செக்காலையின் மேலாளர் செங்கோடன், மகள் பிறந்தாள் என்று இருபது நாள் ஊருக்குப் போயிருந்தார். குப்பாண்டி அந்த வரியை மூன்று தடவை படித்தான். ஏக்கம் தாங்காமல் அதன்மேலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தவன், அதே பக்கத்தில் இருந்த எண்ணெய்க் கணக்கைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மறுநாள் அவை கூடியது.

"பிரபு, ஆற்றங்கரை மேலாளர் ஐந்து வருஷத்தில் மூன்று முறை தீர்த்த யாத்திரை போனார். மூன்று முறையும் இருபது படி இருபது படியாகவே இருந்தது. ஒரு சொட்டுக் குறையவில்லை. மலையடிவாரத்தில் சூம்பிய எள், கிழட்டு மாடுகள். எல்லாம் ஏட்டிலேயே இருக்கிறது. செங்கோடன் இருந்தால் பதினைந்து படி. அவர் ஊருக்குப் போன மூன்று முறையும் ஒன்பதே படி. அந்த ஆறு படிதான் செங்கோடன். மற்றதெல்லாம் மண்ணும் மாடும். மற்ற மூவரும் இல்லாதபோது ஒரு படி, இரண்டு படிக்குமேல் குறையவில்லை."

அரசர் தொடையைத் தட்டி ரசித்தார். பூவராகனுக்கு முகம் கறுத்துவிட்டது. "அதே அளவுகோலை விகடருக்கும் வைக்கலாமே, பிரபு! மூன்று வருஷ ஏட்டில் இவர் இல்லாத நாள் ஒன்றுகூடக் கிடையாது. பிறகு இவர் திறமைக்கு ஆதாரம் எங்கே? சம்பளம்தான் எதற்கு?"

குப்பாண்டி ஓடிப்போய்ப் பூவராகன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"என் தெய்வமே! இதைத்தான் மூன்று வருஷமாகச் சொல்லத் தெரியாமல் தவித்தேன். பிரபு, என்னை அளக்க வேண்டுமானால் நான் இங்கே இருக்கக் கூடாது. மூன்று மாதம் போதும். தாங்கள் சிரிப்பதைத் தினமும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். சிரிப்புக் குறைந்தால் என் சம்பளத்தைக் கூட்டுங்கள். குறையாவிட்டால் என்னைத் திரும்பக் கூப்பிடவே வேண்டாம்."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பின் நடுவே விகடனின் கலங்கிய கண்ணைப் பார்த்தார். அதை மட்டும் அவர் விகடமாக எடுத்துக்கொள்ளவில்லை. பொன்முடிப்பு ஒன்றும், லாயத்திலேயே வேகமான குதிரை ஒன்றும் கொடுத்தார்.

"இன்றைய சிரிப்பை எழுதிக்கொள்ளும்" என்று ஏட்டுக்காரரிடம் சொன்னவர், "நாளையிலிருந்து உமக்கு வேலை இருக்காது என்று நினைக்கிறேன்" என்று மெல்ல முனகினார்.

மூன்றாம் நாள் குப்பாண்டி ஊர் போய்ச் சேர்ந்தான். காத்தாயி வேலிக்கு முள் கட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள், முள்ளைக் கீழே வைக்கவில்லை. அவன் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினான். அவை முழுவதும் உருண்டு சிரித்த கதைக்கு அவள் உதடு அசையவில்லை.

"ஆளு இல்லாத கணக்குதான் வேணும்னா, எங்கிட்ட மூணு வருசத்துக்குல்ல இருக்கு" என்றாள். "ஒங்க ராசா என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

குப்பாண்டி அவள் கையிலிருந்த முள்ளை வாங்கி, வேலியைக் கட்டத் தொடங்கினான்.