சாம்பனின் இரண்டாவது குரல்

மாசி ஆறாம் நாள், காலை ஏழு மணி. கல்லாங்குளத்தில் தண்ணீர் குடிக்க முப்பத்தொரு புள்ளிமான்கள் இறங்கின. முப்பது நேராக நடந்தன. ஒன்று நொண்டியது. அதன் பெயர் மருதி.

மூன்று நாள் முன்பு அவள் மீது சிறுத்தை பாய்ந்தது. மருதி தப்பிவிட்டாள். ஆனால் பின்தொடையில் நான்கு நகக்கீறல்கள் ஆழமாக விழுந்துவிட்டன.

கரையில் நின்ற நாவல் மரத்தின் உச்சியில் சாம்பன் என்ற கருமுகக் குரங்கு இருந்தான். மான் கூட்டத்துக்குக் காவல் அவன்தான். சிறுத்தை தெரிந்தால் கத்துவான், மான்கள் ஓடிவிடும். மருதிக்கு அடிபட்ட அன்று அவன் ஒரு பழத்துக்காக மச்சானோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். சிறுத்தையைக் கவனிக்கவில்லை. அதற்காக யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து சாம்பன் எதைப் பார்த்தாலும் கத்தினான். முயல் ஓடினால் கத்தினான். காய்ந்த மட்டை விழுந்தால் கத்தினான். ஒருமுறை தன் வாலின் நிழலைப் பார்த்தே கத்தினான்.

மற்ற மான்கள் ஓடின, திரும்பி வந்தன, புல் மேய்ந்தன. மருதியால் ஓட முடியவில்லை. ஒவ்வொரு கத்தலுக்கும் நின்ற இடத்திலேயே நடுங்கினாள். நடுக்கம் அடங்குவதற்குள் அடுத்த கத்தல் வந்துவிடும்.

கூட்டத்தின் தலைவன் கவைக்கொம்பன் ஒருநாள் அவளிடம் வந்தான்.

"குளம் வத்திக்கிட்டே இருக்கு மருதி. பங்குனி பத்தாம் நாள் ஆத்துப்பக்கம் கிளம்பியாகணும். வழியில நரிப்பள்ளத்தைத் தாவித் தாண்டணும்."

"தாண்ட முடியலைன்னா?"

கவைக்கொம்பன் குளத்தைப் பார்த்தான். பிறகு கூட்டத்தை நோக்கி நடந்தான்.

மருதியின் முதுகில் உண்ணி பொறுக்கும் மைனாவுக்கு மஞ்சமூக்கி என்று பெயர். வாய் நீளம். ஆனால் நாள் தவறாமல் புண்ணை எட்டிப் பார்ப்பவள் அவள் ஒருத்திதான்.

"அடியே, பதினஞ்சு நாளாச்சு! இன்னும் ஈரமா இருக்கே!"

"நான் என்ன செய்யட்டும்? தினமும் நக்கித்தான் விடறேன்."

"நக்குறது சரி. நடுங்குறியே! முந்தாநாள் மழை பேஞ்சுது. அந்தக் குரங்கு நாள் பூரா பொந்துல முடங்கிக் கிடந்தான். நீயும் நல்லாத் தூங்கின. மறுநாள் புண்ணோட ஓரம் காஞ்சிருந்துச்சு. நேத்து அவன் முப்பத்தாறு தடவை கத்தினான். இன்னிக்குப் பாரு, சீழ்!"

"அவர் கத்தினா என் புண்ணுக்கு என்ன?"

"உன் ரத்தத்துல காவலாளுங்க சுத்திக்கிட்டு இருக்காங்க. புண்ணுல புகுற கிருமியை அடிக்கிறது அவங்க வேலை. நீ பயந்தா, நரம்பு வழியா அவங்களுக்கும் சேதி போகும். ஒரு தடவை போனா நல்லது, சுறுசுறுப்பாயிடுவாங்க. நாள் முழுக்க 'ஆபத்து, ஆபத்து'ன்னே போனா? பாவம், சோர்ந்துபோய் நிப்பாங்க. புண்ணை யாரு பாக்குறது?"

மஞ்சமூக்கி நேராக நாவல் மரத்துக்குப் பறந்தாள்.

"யோவ் சாம்பா! வாயை மூடு! உன் சத்தந்தான் அவ புண்ணை ஆறவிடாம செய்யுது!"

சாம்பனின் கறுத்த முகம் இன்னும் கறுத்தது. "அவளுக்காகத்தானே கத்துறேன்!" என்றான்.

"அதான் வினை!"

சாம்பன் வாயை மூடிக்கொண்டான். இரண்டு நாள் மரத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மருதி அந்த இரண்டு நாளும் கண்ணை மூடவே இல்லை. இலை அசைந்தாலும் துள்ளி எழுந்தாள். மூன்றாம் நாள் புண் இன்னும் மோசமாக இருந்தது.

மருதி நொண்டிக்கொண்டே மரத்தடிக்குப் போனாள்.

"அண்ணே, பேசாம இருக்காதீங்க. நீங்க பேசாம இருந்தா இன்னும் பயமா இருக்கு."

"கத்தினா புண்ணு ஆறலைங்கிறாங்க. கத்தலைன்னா பயமா இருக்குங்கிற. நான் என்னதான் செய்யறது தங்கச்சி?"

"நீங்க 'வருது'ன்னு சொல்றீங்க. அது போனதுக்கப்புறம் 'போயிடுச்சு'ன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா?"

சாம்பன் தலையைச் சொறிந்தான்.

"அதுக்கு எங்க குலத்துல சத்தமே கிடையாதே!"

"உண்டாக்குங்க."

சாம்பன் அன்று முழுக்க முயன்றுபார்த்தான். முதலில் வந்த சத்தம் தும்மல்போல இருந்தது. அடுத்தது ஏப்பம்போல இருந்தது. மச்சான் குரங்கு கிளையிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன மாமா, வயித்து வலியா?" கடைசியில், அடித்தொண்டையிலிருந்து தாழ்வாக, நீளமாக ஒரு சத்தம் வந்தது. "ஊ...ம்."

"இதேதான்!" என்றாள் மருதி.

மாசி இருபத்து நான்காம் நாள் மாலை சிறுத்தை உண்மையிலேயே வந்தது. சாம்பன் கத்தினான். முப்பது மான்களும் பறந்தன. மருதி உண்ணிச்செடிப் புதருக்குள் ஒண்டிக்கொண்டாள். வழக்கமான நடுக்கம் தொடங்கியது. சிறுத்தை குளத்தைச் சுற்றி வந்தது, புதரை மோந்தது. அதன் தலைக்கு மேலே சாம்பன் கிளையை உலுக்கி ஓயாமல் கத்தினான். இனி ஒளிந்து பாய வழியில்லை என்று தெரிந்த சிறுத்தை மெல்ல நடந்து விலகியது.

பழைய சாம்பனாக இருந்தால் தொண்டை வற்றும்வரை கத்திக்கொண்டே இருந்திருப்பான். இப்போது வாயை மூடிக்கொண்டு, கிளைக்குக் கிளை தாவி, சிறுத்தையின் பின்னாலேயே போனான். அது பாறை முகட்டைத் தாண்டி மறுபுறம் இறங்குவதைக் கண்ணால் பார்த்தான். அதற்குப் பிறகே திரும்பினான். மூச்சு வாங்கியது. நாவல் மரத்தில் உட்கார்ந்து அந்தப் புதுச் சத்தத்தைக் கொடுத்தான்.

"ஊ...ம்."

புதருக்குள் மருதியின் காதுகள் தாழ்ந்தன. நடுக்கம் நின்றது. முன்னங்கால்களை மடக்கிப் படுத்தாள். தூங்கிப்போனாள்.

அதன் பிறகு சாம்பன் நிழலுக்கும் மட்டைக்கும் கத்துவதை விட்டான். ஒவ்வொரு கத்தலுக்கும் முகடுவரை போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றால், யாரும் யோசித்துத்தான் கத்துவார்கள். புண்ணின் ஓரம் காய்ந்தது; பிறகு நடுவும் மூடியது. மஞ்சமூக்கி அதைத் தினமும் எட்டிப் பார்த்தாள். குறை சொல்ல எதுவும் கிடைக்காமல் உண்ணி பொறுக்கப் போனாள்.

ஆபத்து வருகிறது என்று கத்துகிறவனுக்கு, அது போய்விட்டது என்று சொல்லும் கடமையும் இருக்கிறது.

பங்குனி பத்தாம் நாள் காலை, நரிப்பள்ளத்தை முப்பத்தொரு மான்கள் தாண்டின.