முல்தானி மெட்டி குடித்த எண்ணெய்

செக்கடிப்புதூரில் மாட்டுச் செக்கு வைத்திருந்த அண்ணன் தம்பி மூன்று பேரையும் விவரமானவர்கள் என்று சொல்ல ஊரில் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. ஆனால் தங்கமான பிள்ளைகள். சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அதுதான் சிக்கலே.

மூத்தவன் ஏகாம்பரத்துக்குப் பெண் அமையவில்லை. போட்டோவைப் பார்த்தவர்கள் எல்லாம், "முகத்துல எண்ணெய் வழியுதே" என்று திருப்பி அனுப்பினார்கள். அண்ணனுக்கு முடியாமல் தம்பிகளுக்கு எப்படி முடியும்? மூன்று கல்யாணமும் அந்த ஒரு முகத்தில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டார் மட்டும், வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள்.

நடுத்தம்பி நல்லசிவம் டவுனுக்கு ஓடினான். பியூட்டி பார்லர் அக்கா ஒரு பாக்கெட் முல்தானி மெட்டியை நீட்டினாள்.

"தண்ணியில குழைச்சுப் பூசுங்க தம்பி. முகத்து எண்ணெயை எல்லாம் இந்த மண்ணு குடிச்சிரும்."

"பாக்கெட்டா? எங்க அண்ணனை நீங்க பாக்கலைக்கா" என்று அவன் மூட்டையாக வாங்கி வந்தான்.

மூட்டை தீரும்வரை பூசிப் பூசி உதிர்த்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் ஏகாம்பரத்தின் முகம் விளக்கி வைத்த தட்டு மாதிரி இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். விடுகிற ஆட்களா?

கடைக்குட்டி பூவலிங்கம் உதிர்ந்த மண் குவியலைப் பார்த்துக் கவலைப்பட்டான்.

"அண்ணே, இது குடிச்சது யாரு எண்ணெய்?"

"என் எண்ணெய்தான்."

"அதைக் குப்பையில கொட்டவா நாம செக்கு வச்சிருக்கோம்?"

நியாயமான கேள்வி. மண்ணைச் செக்கில் போட்டு மாட்டைப் பூட்டினார்கள். மாடு சுற்றியது, தூசி பறந்தது.

"எள்ளுக்கே கருப்பட்டி போட்டாத்தான எண்ணெய் பிரியும்?" என்றான் நல்லசிவம். கருப்பட்டியைப் போட்டார்கள். அதையும் மண் வைத்துக்கொண்டது.

"முதல்ல நாம குடுத்தாத்தான் அது குடுக்கும்" என்றான் பூவலிங்கம். ஒரு செம்பு நல்லெண்ணெய் ஊற்றினார்கள். குடித்தது. ஒரு குடம் ஊற்றினார்கள். குடித்தது. கொடுத்ததை விட்டுவிட மனம் வராமல், வீட்டில் இருந்த அத்தனை எண்ணெயையும் ஊற்றி முடித்தபோது வாசலில் பெண் வீட்டாரின் வேன் வந்து நின்றது.

பெண்ணின் அப்பா தாணுமூர்த்தி மாப்பிள்ளையின் கன்னத்தில் விரலைத் தேய்த்துப் பார்த்தார். விரல் காய்ந்தே வந்தது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"எங்களுக்கு முழுச் சம்மதம். விளக்கேத்துங்க, நல்ல நேரத்துலயே தாம்பூலம் மாத்திருவோம்."

விளக்கு இருந்தது, திரி இருந்தது. எண்ணெய்க்கு எங்கே போவது? தம்பிகள் கதவுக்குப் பின்னால் கூடினார்கள்.

"கடையில வாங்கிருவமா?"

"செக்குக்காரனே கடையில போய் எண்ணெய் வாங்கினா மானம் போயிரும்டா. பொண்ணும் போயிரும்."

"அப்ப நம்ம வீட்டுல எண்ணெய் எங்கதான் இருக்கு?"

இருவரும் மெதுவாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தார்கள்.

முற்றத்து வெயிலில் நாற்காலி போட்டு ஏகாம்பரத்தை உட்காரவைத்தார்கள். தாடைக்குக் கீழே விளக்கை ஏந்தியபடி பூவலிங்கம் பணிவாகச் சொன்னான், "கொஞ்சம் பொறுங்க மாமா, இப்ப ஊறிரும்."

தாணுமூர்த்தி எழுந்து வந்தார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார்.

"தலையை லேசா இடது பக்கம் சாய்ங்க மாப்பிள்ளை" என்றார் அவர். "திரி அந்தப் பக்கம்தான இருக்கு."