தவசியப்பன் கேட்ட சத்தியம்

இந்தக் கதையில் ஒரு முடிச்சு இருக்கிறது. அதை அவிழ்க்கக் கடைசியில் உங்களைத்தான் கூப்பிடுவேன்; கவனமாகக் கேளுங்கள்.

லாரி ஓட்டிய தவசியப்பனுக்கு ஒரு விபத்தில் வலது கால் பாதித் தொடையோடு போயிற்று. முதலில் கிண்ணம்போல் மாட்டிக்கொள்ளும் செயற்கைக் கால் கொடுத்தார்கள். வேர்வையும் புண்ணும் படுத்திய பாட்டில் மனுஷன் கட்டிலே கதி என்று கிடந்தார். பிறகு தொடை எலும்புக்குள்ளேயே ஒரு கம்பியைப் பொருத்தி, தோலுக்கு வெளியே நீளும் அதன் முனையில் காலைப் பூட்டினார்கள். கம்பி வெளிவரும் இடத்தைத் தினமும் சுத்தம் செய்து மருந்து வைப்பது மகள் காளீஸ்வரி. மற்றபடி நடை திரும்பிவிட்டது. வேட்டியைத் தழையக் கட்டினால் யாருக்கும் தெரியாது.

தெரியக் கூடாது என்பதுதான் அவர் ஆசையும். வெளியூர்ச் சம்பந்தம் கூடி வந்ததும் மகளின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்து, "மாப்பிள்ள வீட்டுக்கு என் கால் விஷயம் போகக் கூடாது, சத்தியம் பண்ணு" என்றார். தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்கே ஆபத்து என்று நம்புகிற குடும்பம். அவளும் செய்தாள்.

அதோடு விட்டாரா? பரிசம் போட்ட அன்று மாப்பிள்ளை சோலைராஜ் வீட்டு மாடிப்படியைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிட்டு, "மூட்டுவலின்னா என்னன்னே எனக்குத் தெரியாது மாப்ளே" என்று பீற்றிக்கொண்டார். "எங்கப்பாவால இப்படி ஏற முடியாது மாமா" என்றான் அவன், முகம் மாறாமல்.

கல்யாணத்தன்று வந்தது வினை. பெண் தன் தாய் தகப்பனை மனையில் உட்காரவைத்து, தாம்பாளத்தில் கால் கழுவிப் பாத பூஜை செய்ய வேண்டும். தவசியப்பனோ, "எனக்குக் கால் சுளுக்கு. தம்பியும் அவன் சம்சாரமும் உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கூடத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பெற்றவளின் இடமும் அதோடு போகிறதே என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை.

மணமேடையை விட்டு இறங்கி அங்கேயே வந்தான் சோலைராஜ், கூடவே காளீஸ்வரியும். "வாங்க மாமா. பரிசத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். இவதான் சொன்னா."

படியேறிப் பீற்றியது ஞாபகத்துக்கு வந்து தவசியப்பன் கூனிக் குறுகிப் போனார். அந்த வெட்கம் மகள்மேல் கோபமாகத் திரும்பியது. "என் தலையில அடிச்சுப் பண்ணின சத்தியம். அப்பன் செத்தாலும் சரின்னு நெனச்சியா?"

"சொன்ன நாள்லேருந்து, தெனமும் காலையில நீ கண்ணு முழிக்கிற வரைக்கும் எனக்கு உசிரே இல்லப்பா. ஆனா நாளைக்கு உனக்குக் கம்பி வர்ற எடத்துல சீழ் வச்சா, அவர்கிட்ட என்ன பொய் சொல்லிட்டு நான் ஓடி வருவேன்?"

மகள் வாழ்க்கை கெட்டுவிடுமோ என்று மறைத்தார் அப்பன். தலையில் அடித்த சத்தியத்தை மீறினாள் மகள். மாமனார் மனம் நோகக் கூடாதென்று தெரியாததுபோலவே இருந்தான் மருமகன். இந்த மூவரில் யார் செய்தது சரி? நீங்களே சொல்லுங்கள்.

மருமகன் என்று சொல்லத் தோன்றும். நல்ல பிள்ளைதான், ஆனால் அவன் வாய்மூடி இருந்ததால் அந்த மனுஷன் கடைசிவரை நடிக்கவேண்டி வந்தது. மகள் செய்ததே சரி. தகப்பன் உயிருக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு, கட்டிக்கொள்ளப்போகிறவனை ஏமாற்ற மாட்டேன் என்றாள். கால் போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வெட்கத்துக்கு மகளைக் காவல் போட்டதுதான் தப்பு. தவசியப்பனுக்கும் அது உறைத்தது. மனைவி பக்கத்தில் மனையில் உட்கார்ந்து, வேட்டியை விலக்கி, அந்தக் காலைத் தாம்பாளத்தில் வைத்தபோது அவரால் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அந்தச் சத்தியத்த நான் உங்கிட்ட கேட்டிருக்கவே கூடாதும்மா" என்றார்.