அரசர் வாங்கிய சுழி

குறுங்காவூர் என்று ஒரு நாடு. வரைபடத்தில் தேடாதீர்கள். மூன்று ஊரும் ஓர் ஆறும்தான் மொத்த நாடே, அதற்காக யாரும் மை செலவழிக்கவில்லை. அரசர் பெயர் இளவழுதி. நான் சுலபமாக எழுதிவிட்டேன். அங்கே அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னால் ஆறு மாதம் சிறை.

அரசர் நல்ல மனசுக்காரர். சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு, பேச்சிலும் பழக்கத்திலும் தனி வழியில் போகும் பிள்ளைகள் உண்டல்லவா? ஆட்டிசம் என்று இன்று சொல்கிறோம், அன்று அதற்குப் பெயர் இல்லை. அவர்களுக்காக ஆற்றங்கரையில் ஒரு பள்ளி கட்டினார். பொறுமையான ஆசிரியர்கள், பத்தே இடம்.

பிள்ளைகளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அரண்மனை வைத்தியர் அமிர்தகடேசருக்கு. அவர் மூன்று வருடம் கடல் கடந்து இருந்தவர். அங்கே பெரிய அறிஞர்கள் செய்த கேள்விக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து, அப்படியே தமிழில் எழுதி வைத்திருந்தார். அங்கே பிரமாதமாக வேலை செய்த கருவி இங்கே செய்யாதா என்பது அவர் கட்சி. அரசரும் ஆணை போட்டார்: யாரைச் சோதித்தாலும் ஓர் எழுத்தும் மாறக்கூடாது, தேறாதவர் பள்ளியில் சேர வேண்டும்.

இருநூறு பிள்ளைகளைச் சோதித்தார்கள்.

முதல் கேள்வி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்புகிறதா? குறுங்காவூரில் பிள்ளைக்குத் தாத்தா பெயர்தான் வைப்பார்கள். மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாதே, அதனால் வீட்டில் எல்லாரும் குஞ்சு, ராசா, கட்டையன். வைத்தியர் ஓலையைப் பார்த்து "சிதம்பரநாதா" என்று கூப்பிட்டார். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று கட்டையன் மூக்கை நோண்டிக்கொண்டிருந்தான். ஓலையில் பூஜ்யம், அதாவது சுழி. கண்ணைப் பார்த்துப் பேசுகிறதா? பெரியவர் முன்னால் தலை குனியச் சொல்லி வளர்த்த பிள்ளைகள், அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். சுழி. கரண்டியால் சாப்பிடுகிறதா? கையிருக்கக் கரண்டி எதற்கு என்று தாய்மார்கள் சிரித்தார்கள். அதற்கும் சுழி.

நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் தேறவில்லை. தேறியது ஒரே பெண், பூக்கட்டும் செண்பகத்தின் மகள் வேம்பு.

செண்பகம் அந்தப் பள்ளிக்குத்தான் தவம் கிடந்தாள். வேம்பு பசித்தாலும் சொல்ல மாட்டாள். மேளம் கேட்டால் ஓடிவிடுவாள், இரண்டு முறை குளத்தங்கரையில் பிடித்திருக்கிறார்கள். அதிலிருந்து முந்தானையை மகள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் செண்பகம் பூக்கட்டுகிறாள். வேம்பு எப்படித் தேறினாள்? நான்கு வருடம் பின்னால் ஓடி ஓடி அம்மா கத்திக் கத்தி, தன் பெயர் ஒன்று மட்டும் அவள் காதில் ஏறியிருந்தது. வைத்தியரின் மூக்குக்கண்ணாடியில் வெயில் பளிச்சிட, அதையே இமைக்காமல் பார்த்தாள். கரண்டியைக் கொடுத்ததும் சுழற்ற ஆரம்பித்தாள், திருப்பித் தரவில்லை; கரண்டி பழகிய பிள்ளை என்று அவர் எழுதிக்கொண்டார். ஏதாவது பேசு என்றபோது, காலையில் கேட்ட தண்டோராவை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள். வைத்தியர் பூரித்துப்போய் 'குறையொன்றும் இல்லை' என்று முத்திரை குத்தினார்.

செண்பகம் அந்த ஓலையோடு காங்கேயனிடம் போனாள். காங்கேயன் அரசருக்காகக் கடிதம் எழுதுகிறவன், வாய் கொஞ்சம் நீளம்.

"ஐயா, என் பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாரு. சந்தோஷப்படத்தான் ஆசை. நான் செத்துட்டா இந்த முந்தானைய யாரு பிடிப்பா?"

காங்கேயன் ஓலையை வாங்கி இரண்டு முறை படித்தான். மறுநாள் அவளையும் மகளையும் சபைக்கு வரச் சொன்னான்.

சபையில் வைத்தியர் நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் இடம் கேட்டுக்கொண்டிருந்தார். அரசர் கணக்குப் புரியாமல் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். காங்கேயன் எழுந்து, இன்னும் ஒருவரைச் சோதிக்க அனுமதி கேட்டான். அரசர் தலையசைத்தார். காங்கேயன் மெல்ல நடந்து சிம்மாசனத்துக்குப் பின்னால் போய் நின்றான்.

"இளவழுதி."

சாமரம் வீசியவள் கை அப்படியே நின்றது. அரசர் திரும்பவில்லை.

"இளவழுதி. இளவழுதி."

அரசர் முன்னால் பார்த்தபடியே, "யாரையப்பா கூப்பிடுகிறாய்?" என்றார்.

காங்கேயன் முன்னால் வந்து வைத்தியரை வணங்கினான். "மூன்று முறை கூப்பிட்டேன், திரும்பவில்லை. சுழி போடும். தானே உடுத்துகிறாரா என்று ஏழாவது கேள்வி. நான்கு பேர் உடுத்திவிடுகிறார்கள், அதற்கும் சுழி. பத்து இடத்தில் ஒன்று மகாராஜாவுக்கு."

வைத்தியர் எழுத்தாணியைக் கீழே வைத்தார். "அதெப்படி? தாயார் காலமான பிறகு மகாராஜாவைப் பெயர் சொல்லி யார் கூப்பிட்டார்கள்? அவர் வழக்கம் வேறு. அவரிடம் கேள்வியை மாற்றித்தான் கேட்க வேண்டும்."

"அதைத்தான் கட்டையனும் சொல்கிறான்" என்றான் காங்கேயன்.

சபை சிரிக்கப் பயந்தது. அரசர் முதலில் சிரித்தார், வயிறு குலுங்க. பிறகு வேம்பின் மணிக்கட்டில் இருந்த முடிச்சைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. பழைய ஆணையை ரத்து செய்தார். வைத்தியர் வீடு வீடாகப் போய் உட்கார வேண்டும். இந்த ஊரில் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று தாய்மார்களிடம் கேட்டு எழுத வேண்டும். எழுதியதை முதலில் சிலரிடம் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்த வேண்டும். அதற்குள் ஒரே ஓர் இடம் நிரம்பிவிட்டது, அது வேம்புக்கு.

செண்பகம் நின்ற இடத்திலேயே அழுதாள்.

அரசர் காங்கேயன் பக்கம் திரும்பினார். "சபையில் என் பெயரைச் சொன்னாய். ஆறு மாதம் தெரியுமல்லவா?"

"தங்கள் பெயரா? யாரைக் கூப்பிடுகிறாய் என்று தாங்களே கேட்டீர்களே, மகாராஜா."

அரசர் சிரித்துக்கொண்டே தன் சால்வையைக் கழற்றி அவன் மேல் போட்டுவிட்டுப் புறப்பட்டார். வாசலை நெருங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. காங்கேயனின் அதே ராகம், அதே இழுப்பு.

"இளவழுதி. இளவழுதி."

தூண் ஓரத்தில் வேம்பு கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். செண்பகம் பதறி அவள் வாயைப் பொத்தப் போனாள். அரசர் நின்றார். திரும்பினார்.

காங்கேயன் வைத்தியர் காதருகில் குனிந்தான். "முதல் கேள்விச் சுழியை அடித்துவிடும். கூப்பிட வேண்டியவர் கூப்பிட்டால் திரும்புகிறார்."