வடிவு கழற்றி மாட்டிய ரேடியோ

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடலில் உப்பு விழுந்ததற்கு முன்னாலோ பின்னாலோ, அது சரியாகத் தெரியாது, ஏழுகரை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு ரேடியோ. கரண்டு கிடையாது, பேட்டரி கிடையாது. பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைக் கறகறவென்று சுற்றினால் போதும், காற்றுமலை உச்சியிலிருந்து காற்றே அதில் பேசும். "இன்றைக்குத் தென்றல், போய் வாருங்கள்" என்னும். "இன்றைக்குப் புயல், வீட்டில் இருங்கள்" என்னும். காற்றுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதைக் கேட்டுத்தான் படகுகள் கடலுக்குப் போகும்.

அந்த நாட்டுக்குச் சுழிமாயன் என்றொரு மந்திரவாதி வந்தான். மனிதர்களைக் கல்லாக்கிப் பார்ப்பதில் அவனுக்கு அப்படியொரு ஆனந்தம். வீடு வீடாகப் போய்த் தங்க ரேடியோ கொடுத்தான். "இதைச் சுற்றவே வேண்டாம், தானாகப் பேசும்! பழசைக் கொடுங்கள்" என்றான். வாங்கிய பழசையெல்லாம் சூளையில் போட்டு எரித்தான்.

தங்க ரேடியோ புயலடிக்கும் நாளிலும் "தென்றல், தென்றல்" என்றே பாடியது. நம்பிப் போன படகுகள் நாற்பது. நாற்பதும் திரும்பவில்லை. கரைக்கு எதிரே நாற்பது கரும்பாறைகள் முளைத்து நின்றன. ராஜா பதறிப்போய்த் தன் தங்க ரேடியோவைக் கேட்டார். "எல்லாரும் அக்கரையில் சுகமாக இருக்கிறார்கள்" என்றது அது. ராஜாவும் நம்பிவிட்டார்.

ஒருத்தி மட்டும் நம்பவில்லை. அவள் பெயர் வடிவு. பாய்மரத் துணி தைக்கிறவள். அவளுடைய அம்மா ஆழியம்மை படகோட்டப் போனவள். நாற்பதில் ஒன்று அவள் படகு.

வடிவு வீட்டுப் பரணில் ஒரு பழைய ரேடியோ கிடந்தது. எத்தனை சுற்றினாலும் முனகக்கூடச் செய்யாது. "செத்த பெட்டி" என்று மாயன் விட்டுவிட்டுப் போயிருந்தான். வடிவு அதை இறக்கினாள், தூசி தட்டினாள், திருகாணியைக் கழற்றினாள்.

உள்ளேயிருந்து ஒரு பல்லி தலையை நீட்டியது. "ஏம்மா, குடியிருக்கிற வீட்டைப் பிரிக்கிறியே, நியாயமா?"

வடிவு திடுக்கிட்டாள். ஆனால் கையிலிருந்த திருகாணியைக் கீழே போடவில்லை. "எங்கம்மா எங்கேன்னு காத்துக்கிட்ட கேக்கணும் பல்லியாரே. சரிபண்ணிட்டு வீட்டைத் திருப்பித் தந்துடறேன்."

"கேட்டா ஒண்ணு சொல்றேன். இது பேசினா மாயனுக்கு ஆபத்து. மூணு தடவை வருவான். நீயா கொடுத்தாத்தான் அவன் இதைத் தொட முடியும். கொடுத்துடாதே!"

வடிவு உள்ளே பார்த்தாள். சுருள்வில் நுனியில் முறிந்திருந்தது. ஒரு பல்சக்கரத்தில் ஒரு பல் போயிருந்தது. செம்புக் கம்பி ஒன்று அறுந்து எலிவால் மாதிரித் தொங்கியது. இதெல்லாம் அவள் முன்னே பின்னே பார்த்ததில்லை. ஆனாலும் வாய்விட்டுச் சொன்னாள்:

"கழன்றதை மாட்டுவேன், அறுந்ததைச் சேர்ப்பேன், என் கை இருக்கையில் எனக்கென்ன குறை?"

முதலில் சுருள்வில். எடுக்கப் போனாள், அது சடாரென்று விரிந்து கன்னத்தைக் கீறிவிட்டது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, நுனியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, கொக்கியாக வளைத்தாள். முதல் கொக்கி ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. மூன்றாவது நின்றது.

அப்போது வாசலில் ஒரு வியாபாரி. "தங்கச்சி, அந்த ஓட்டைப் பெட்டியைக் கொடு. தங்கத்தில் ரெண்டு தர்றேன்."

"ஓட்டைன்னா அடைச்சுக்கறேன், போயிட்டு வாங்கண்ணே" என்றாள் வடிவு. வியாபாரி புகையாகப் போனான்.

அடுத்து பல்சக்கரம். பித்தளைக் கரண்டியின் காம்பை நறுக்கி, அரத்தால் ராவி ராவி, ஒரு பல் செய்து பொருத்தினாள். சக்கரம் சிக்காமல் ஓடியது. அவளுக்கே ஆச்சரியம்!

வாசலில் ஓர் அதிகாரி, முறுக்கு மீசையோடு. "ராஜா உத்தரவு! பெட்டியை எடு!"

"ராஜாவையே வரச் சொல்லுங்கய்யா. அவர் கையிலேயே தர்றேன்." அதிகாரியும் புகையாகப் போனார்.

கடைசியாகக் கம்பி. அது போகவேண்டிய சந்தில் விரல் நுழையவில்லை. "என்ன செய்ய! வீடு என்னுதாச்சே" என்று முனகிக்கொண்டே பல்லி கம்பியை வாயில் கவ்வி உள்ளே ஊர்ந்து போய் அந்தப் பக்கம் இழுத்துக் கொடுத்தது. வடிவு ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தாள்.

"மகளே!"

வாசலில் அம்மா நின்றாள். அதே முகம், அதே குரல், நனைந்த சேலை. "வந்துட்டேண்டி. இனி அது எதுக்கு? என் கையில கொடு."

வடிவு ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். பூப்போல இருந்தது கை. முப்பது வருஷம் பாய்க்கயிறு இழுத்துக் காய்த்துப்போன கையா இது? கையை உதறினாள்.

"கழன்றதை மாட்டுவேன், அறுந்ததைச் சேர்ப்பேன், என் கை இருக்கையில் எனக்கென்ன குறை? போடா வெளியே!"

உருவம் வீறிட்டுக்கொண்டு கடலை நோக்கி ஓடியது. வடிவு மூடியை மாட்டினாள். கைப்பிடியைப் பிடித்தாள். கறகற, கறகற, கறகற.

"யாரது?" என்றது ரேடியோ. "என்னைச் சுற்றி எத்தனை நாளாயிற்று!"

"காத்தே, எங்கம்மா எங்கே?"

"கடலில் கல்லாக நிற்கிறாள். என் குரல் காதில் விழுந்தால் கல் உருகும். ஆனால் நாற்பது பேரையும் அழைத்து முடிக்கும்வரை சுற்றுவதை நிறுத்தாதே."

வடிவு ரேடியோவைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று சுற்றினாள். காற்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது. ஒரு பாறை படகானது. பத்துப் பாறை படகானது. சுழிமாயன் அலையை மலையாக எழுப்பினான். வடிவுக்குத் தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. ஆனால் அவள் வளைத்த கொக்கி வழுக்கவில்லை, அவள் ராவிய பல் தேயவில்லை, அவள் பற்றவைத்த ஈயம் விடவில்லை. முப்பத்தொன்பது. நாற்பது! "ஆழியம்மை!" என்றது காற்று.

அந்த நொடியே நாட்டிலுள்ள தங்க ரேடியோக்கள் எல்லாம் சாம்பலாக உதிர்ந்தன. சுழிமாயன் நுரையாகிக் கரை ஒதுங்கினான்; நண்டுகள்கூட அதை மிதிக்கவில்லை.

ஆழியம்மை படகிலிருந்து குதித்து வந்தாள். ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எவ சரிபண்ணினா இதை?"

"நான்தாம்மா."

ஆழியம்மை மகளின் கையை நாற்பது படகுக்கும் தெரியும்படி உயரத் தூக்கினாள். "பாத்துக்குங்க! என் மக!" என்றாள். கரை முழுக்கக் குலவைச் சத்தம். வடிவு வெட்கப்படவில்லை. நிமிர்ந்துதான் நின்றாள்.

ராஜா பல்லக்கிலிருந்து இறங்கி வந்தார். "தாயே, இந்த ரேடியோவை அரண்மனையில் கண்ணாடிப் பேழையில் வைக்கிறேன்."

"வேண்டாம் மகாராஜா. பேழையில வச்சா யார் சுத்தறது? அதைவிட எரியாம மிஞ்சின பெட்டிங்களைத் தேடி எங்க வீட்டுக்கு அனுப்புங்க. ஒவ்வொண்ணா எழுப்பித் தர்றேன். பக்கத்துல உக்காந்து பாக்க வர்றவங்களும் வரட்டும்."

மறுநாள் விடிந்தபோது வடிவு வீட்டு முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. செத்த ரேடியோக்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. படகுக்காரர்கள் காற்றின் சொல்லுக்குக் காத்து நின்றார்கள். வடிவு கைப்பிடியில் கை வைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ராஜா, கிரீடத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"கொஞ்சம்… நான் சுத்தட்டுமா?"